அத்தை ஊருக்குப் போனால் பசுவை யார் கறப்பது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் ஒரு ஜெர்சி கலப்பினப் பசு இருக்கிறது. இரண்டாவது ஈற்று, கன்று போட்டு மூன்று மாதம் ஆகிறது. காலையில் 4 லிட்டர், மாலையில் 3 லிட்டர் கறக்கும். ஆனால் என் மாமியார் உட்கார்ந்தால்தான் கறக்கும். அத்தை இரண்டு நாள் சமயபுரம் போயிருந்தபோது நான் கறந்தேன்; ஒரு லிட்டர்கூடத் தேறவில்லை. மறுநாள் என் கணவர் அத்தையின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, முக்காடும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாடு அவர் முழங்கையை நக்கியது, பால் மட்டும் விடவில்லை. தெருவே கூடிவிட்டது, பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டான். பால் சொசைட்டியில் கொழுப்பு குறைவு என்று சீட்டு வந்ததும், 'தண்ணீர் ஏதும் விட்டீர்களா?' என்று மாமா கேட்டுவிட்டார். 'யார் கை எப்படி என்று மாட்டுக்குத் தெரியாதா?' என்று அத்தை சிரிக்கிறார். பொங்கல் முடிந்ததும் நாத்தனாரின் பிரசவத்துக்காக அத்தை திருப்பூர் போகிறார்; திரும்பி வர ஒரு மாதமாவது ஆகும். ஊசி போட்டுக் கறந்துவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இது போதாதென்று, கோழி ஒன்று மாமாவின் வேட்டி அடுக்கின் மேல் அடைக்குப் படுத்துவிட்டது. வெள்ளாடு மொய் நோட்டைத் தின்றுவிட்டது. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்குத்தான் அழுகை வருகிறது. பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு முதலில் வருகிறேன். பசு உங்களை ஒதுக்கவில்லை. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் கணக்கே அதைச் சொல்லிவிடுகிறது. 4 லிட்டர் கறக்கும் மாடு உங்களிடம் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்திருக்கிறது. பசுவின் மடியில் காம்புக்கு மேலே ஒரு சிறிய தேக்கம் உண்டு; ஒரு கறவைக்கும் அடுத்த கறவைக்கும் இடையில் ஊறும் பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் அந்தத் தேக்கத்தில் வந்து நிற்கும். மீதியெல்லாம் மடிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பைகளில் தங்கியிருக்கும். எவ்வளவு தேர்ந்த கறவைக்காரர் உட்கார்ந்தாலும் அது கைக்கு எட்டாது. மாடு இறக்கிவிட்டால்தான் வரும். ஆகவே, கைக்கு எட்டும் பால் முழுவதையும் நீங்கள் கறந்துவிட்டீர்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

பாலை இறக்குவது மாட்டின் இஷ்டம் போலத் தோன்றினாலும், அது பிடிவாதமும் அல்ல, ஆள் பார்த்துச் செய்யும் பாரபட்சமும் அல்ல. கன்று முட்டும்போதும், வெதுவெதுப்பான நீரால் மடியைக் கழுவித் தடவும்போதும், பழகிய பாத்திரத்தின் ஓசை காதில் விழும்போதும், மூளையின் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்னும் இயக்குநீர் (ஹார்மோன்) இரத்தத்தில் கலந்து, ஒரு நிமிட அளவில் மடியை அடைந்து, பால் பைகளைச் சுற்றியுள்ள மெல்லிய தசைகளை இறுக்குகிறது. அப்போதுதான் காம்புகள் விம்மிப் பால் இறங்கும். மாடு மருண்டாலும், அதற்கு வலித்தாலும் அட்ரினலின் என்னும் வேறோர் இயக்குநீர் சுரந்து அந்த வேலையைத் தடுத்துவிடும். மாடு பாலை எக்கிக்கொண்டது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். 1941-இல் ஈலி, பீட்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பசுவின் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, பத்து விநாடிக்கு ஒருமுறை காகிதப் பையை ஊதி உடைத்துப் பார்த்தார்கள், பால் குறைந்துபோனது. பூனையும் காகிதப் பையும் அங்கே செய்ததை, உங்கள் வீட்டில் தெருச் சனமும் செல்போனும் செய்திருக்கின்றன. அப்படி மிரண்ட மாடு அமைதியாக இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை ஆகும். அதுவரை யார் உட்கார்ந்தாலும் பலன் இருக்காது.

உங்கள் கணவர் சேலை கட்டியதைப் பார்த்து ஊர் சிரித்தது இயல்புதான். ஆனாலும் அவருடைய யோசனையில் பாதி சரியானது. உடையின் நிறம், ஆளின் உயரம், முகம், மணம், குரல் எல்லாவற்றையும் வைத்துப் பசு மனிதர்களை அடையாளம் கண்டுகொள்கிறது. சேலையில் அத்தையின் மணம் இருந்ததால் முழங்கையை நக்கிப் பார்த்திருக்கிறது. ஆனால் உட்கார்ந்த உயரமும், மடியைத் தொட்ட கையின் அழுத்தமும், சுற்றிலும் நின்ற கூட்டமும் வேறாக இருந்தன. மனைவியின் சங்கடத்தைத் தீர்ப்பதற்காகத் தெரு பார்க்கத் தாயின் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மனிதரை நான் மதிக்கிறேன். அவரைக் கொட்டகையிலிருந்து விரட்டிவிடாதீர்கள். அவருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

அடுத்து, மாமா கேட்ட கேள்வி. அவர் வேண்டுமென்று குத்திக் கேட்டிருக்க மாட்டார், ஆனாலும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். கறவையின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு. கடைசியில் வடிக்கும் பாலில்தான் அது பல மடங்கு கூடுகிறது. மாடு பாலை எக்கிக்கொண்ட நாளில் உங்கள் தூக்குப்பாத்திரத்துக்கு முன்பால் மட்டுமே வந்திருக்கிறது. கொழுப்புள்ள பின்பால் மடியிலேயே தங்கிவிட்டது. தண்ணீர் கலந்திருந்தால் கொழுப்பு மட்டுமல்லாமல், கொழுப்பு நீங்கலான திடப்பொருளின் அளவும் சேர்ந்து இறங்கும்; பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானியின் அளவும் இறங்கும். பால் முழுவதும் இறங்காத நாளிலோ கொழுப்பு மட்டும் குறைந்து, மற்றது ஏறக்குறைய அப்படியே நிற்கும். சொசைட்டிச் சீட்டுகளைப் பலர் கூரையில் செருகி வைத்திருப்பார்கள்; உங்கள் வீட்டிலும் இருந்தால் அந்த இரண்டு நாள் சீட்டுகளையும் அத்தை கறந்த நாளின் சீட்டையும் எடுத்து, மாமா காபி குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு அளவுகளையும் அவரையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாதாட வேண்டியதே இருக்காது.

ஊசியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேண்டாம். கடையில் யாரோ கொடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசியைப் போட்டுக் கறந்தால் அன்றைக்குப் பால் இறங்கும்; அதைப் பழக்கமாக்கினால், பிறகு ஊசி இல்லாமல் மாடு பாலை இறக்காத நிலை வந்துவிடும். கறவை மாட்டின் உடல்நலத்துக்குக் கேடு விளையும் வகையில் பாலைக் கூட்டுவதற்காக ஊசி போடுவதை, 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தண்டனைக்குரிய குற்றமாகவே வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். மருத்துவர் பார்த்துத் தேவைப்பட்ட வேளையில் போடுவது வேறு, வேளைக்கு வேளை கறப்பதற்காகப் போடுவது வேறு என்று அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. மூன்று வாரம் போதுமான காலம். ஆனால் கன்றுக்கும் மாட்டுக்கும் சொல்லித் தருவதற்கு முன்னால் அத்தையிடம் பேச வேண்டும். 'நீங்கள் இல்லாமல் இந்த மாடு கறக்காது' என்பதில் அவருக்கு ஒரு பெருமை இருக்கிறது. பல வருடம் விடியற்காலையில் எழுந்து, மழையிலும் பனியிலும் கொட்டகையில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பெருமை நியாயமானதே. 'எனக்குக் கறக்க வரவில்லை' என்று ஒதுங்காமல், 'நீங்கள் ஊருக்குப் போவதற்குள் எனக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள் அத்தை' என்று கேளுங்கள். மகளின் பிரசவத்துக்குப் போய் இருக்கும்போது இங்கே மாடு என்ன ஆயிற்றோ என்ற கவலை அவருக்கும் இருக்கும். நான் பார்த்த பல வீடுகளில், ஒருவர் கைக்கு மட்டும் மாடு பழகிப்போனதால், அந்த ஒருவர் காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து வந்து உட்கார வேண்டியிருக்கிறது; சொந்தத் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் மாலைக் கறவைக்குள் பஸ் ஏறிவிட வேண்டியிருக்கிறது. உங்கள் அத்தையின் சிரிப்புக்குப் பின்னால் அந்தக் களைப்பும் இருக்கலாம்.

முதல் நான்கைந்து நாள் நீங்கள் மடியைத் தொடவே வேண்டாம். அத்தை கறக்கும்போது தவிடும் பருத்திக்கொட்டையும் கலந்த தீனியை நீங்களே கொண்டுபோய் வைத்து, மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொடுத்து, மெதுவாகப் பேசிக்கொண்டு நில்லுங்கள். நேர் பின்பக்கம் தவிர ஏறக்குறைய எல்லாப் பக்கமும் மாட்டின் பார்வைக்குள் இருக்கும். ஆகவே பின்னாலிருந்து வராமல், அது பார்க்கும்படி பக்கவாட்டிலிருந்து வாருங்கள். அந்த நாட்களில் அத்தையை நன்றாகக் கவனியுங்கள்: எந்தப் பக்கம் உட்காருகிறார், எந்தக் காம்பை முதலில் பிடிக்கிறார், என்ன சொல்லிக் கூப்பிடுகிறார், பின்னங்கால்களில் அணைகயிறு கட்டுகிறாரா இல்லையா, கறந்து முடித்ததும் ஒரு கை தவிட்டை வாயில் கொடுக்கிறாரா என்பதையெல்லாம் பாருங்கள். அவரிடம் கேட்டால் 'நான் ஒன்றும் செய்யவில்லையே' என்பார். கை பழகிப்போனவருக்குத் தான் செய்வது தெரியாது. அவர் இடப்பக்கம் உட்காருபவராக இருந்தால் நீங்களும் இடப்பக்கமே உட்காருங்கள். கண்ணாடி வளையல் போட்டிருந்தால் அந்த ஓசைகூட மாட்டுக்குக் கறவையின் அறிகுறிதான். அதே போன்ற இரண்டு வளையலை நீங்களும் போட்டுக்கொள்ளலாம். அத்தையின் பழைய சேலையைத் துவைக்காமல் மேலே சுற்றிக்கொள்வதும் முதல் வாரத்துக்கு உதவும். பிறகு அதை விட்டுவிடலாம்.

அடுத்த சில நாட்கள் மடியைக் கழுவித் துடைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கறப்பது அத்தையாகவே இருக்கட்டும். அதன் பிறகு, அத்தை கறக்கத் தொடங்கிப் பால் சரளமாக இறங்கும் நேரத்தில் அவர் எழுந்துகொள்ள, நீங்கள் அதே இடத்தில் உட்கார்ந்து முடியுங்கள். இரண்டாம் வாரக் கடைசியில் இதைத் திருப்பிப்போட்டு, நீங்கள் தொடங்க, அவர் மாட்டின் தலைமாட்டில் நிற்கட்டும். பிறகு கொட்டகைக்கு வெளியே நிற்கட்டும். கடைசி வாரத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். இந்தக் கடைசிப் படியைத் தவறவிடாதீர்கள். அத்தை வீட்டில் இருந்தும் கொட்டகைக்கு வராத நான்கு நாளைப் பார்த்துவிட்டால், அவர் பஸ் ஏறுகிற அன்று மாட்டுக்குப் புதிதாக எதுவும் நடக்காது. மாட்டுப் பொங்கல் அன்று மட்டும் பயிற்சி வேண்டாம். கொம்புக்கு வண்ணம் அடித்து, மாலை போட்டு, பிள்ளைகள் தட்டைத் தட்டிக் கூச்சலிடும் நாளில் அத்தையே கறக்கட்டும்.

கன்று உயிரோடு இருப்பது உங்கள் பாக்கியம். கன்றை அவிழ்த்துவிட்டு அரை நிமிடம், ஒரு நிமிடம் நான்கு காம்பையும் சப்பவிடுங்கள். காம்பு விம்மி, கன்றின் வாயோரம் நுரை தெரிந்ததும் பிடித்து, தாய் நக்குவதற்கு எட்டும்படி முன்னால் கட்டுங்கள். உங்கள் கணவருக்கு நான் வைத்திருக்கும் வேலை இதுதான்: கன்றைப் பிடிப்பதும், தெருப்பக்கத்துப் படலைச் சாத்தி வேடிக்கை பார்ப்பவர்களை வெளியே நிறுத்துவதும். பால் இறங்கிய பிறகு அந்த இயக்குநீரின் வேகம் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரைதான் நிற்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். நடுவில் பேச்சோ, செல்போனோ, பாத்திரம் மாற்றுவதோ கூடாது. கட்டைவிரலை மடக்கி அழுத்திக் கறக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது காம்பைப் புண்ணாக்கும். உள்ளங்கையும் ஐந்து விரலும் சேர முழுக்கையால் பிடித்து, மேலிருந்து கீழாக விரல் விரலாக இறுக்குவதே சரி. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். கை பழக வேண்டுமானால் ஒரு ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி, விரல் நுனியில் சிறு துளை போட்டு, கிணற்றடியில் பயிற்சி செய்யலாம்; உங்கள் கணவரும் கூடவே பழகிக்கொள்ளட்டும், இனி இந்த வீட்டில் மாடு கறக்கத் தெரிந்தவர் ஒருவராக மட்டும் இருக்க வேண்டாம்.

ஏதாவது ஒரு வேளை மாடு பாலை எக்கிக்கொண்டால் அடிக்கவோ, அதட்டவோ, காம்பைப் பிடித்து இழுக்கவோ செய்யாதீர்கள். எழுந்து வந்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் கன்றை மறுபடி விட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் கன்றே குடித்துவிட்டுப் போகட்டும். பால் மடியில் தேங்கிக் கிடப்பதைவிட அது மேல். தேங்கும் பால் மடிநோய்க்கு இடம் கொடுக்கும். ஆகவே ஒவ்வொரு வேளையும் முதல் பீச்சலை ஒரு கறுப்புத் துணியின் மேல் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகத் தெரிந்தாலோ, மடி சூடாகவும் கல்லாகவும் இருந்தாலோ, தொட்டால் மாடு உதைத்தாலோ, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை கிடைக்கும். கறந்து முடித்ததும் அரை மணி நேரம் மாடு படுக்காமல் நிற்பதற்குத் தீவனம் போட்டு வையுங்கள், ஏனென்றால் காம்பின் துளை உடனே மூடிக்கொள்ளாது. அத்தை போன முதல் நாளே 4 லிட்டர் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 3 லிட்டர் வந்தால் நிறைவு. ஒரு வாரம் ஆகியும் அந்த அளவைத் தொடவில்லை என்றால், பழக்கம் போதவில்லை என்று மேலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் மடியைக் காட்டிவிடுங்கள்.

கோழிக்கு வருவோம். மாமா மூன்று நாளாக ஒரே வேட்டியோடு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை; ஆனால் அடைக்கோழி கொத்தும் கொத்தை அறிந்தவன் என்பதால் அவருக்காக வருந்துகிறேன். குஞ்சு வேண்டுமானால், சேவலோடு இருந்த கோழிகளின் புது முட்டை பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து, இருட்டான மூலையில் மணலும் வைக்கோலும் போட்ட கூடையில் வைத்து, இரவில் கோழியை மெதுவாகத் தூக்கி அங்கே மாற்றுங்கள். பகலில் மாற்றினால் திரும்பவும் வேட்டிக்கே வந்துவிடும். 21 நாளில் குஞ்சு பொரியும். இடிக்குப் பயந்து அத்தை இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைத்தால் வைக்கட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. குஞ்சு வேண்டாம் என்றால், அடியில் வைக்கோல் இல்லாத கம்பிக் கூண்டில், வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் அடைத்தால் அடை தெளிந்துவிடும். தண்ணீரில் முக்கி எடுப்பதும், மூக்கில் இறகைக் குத்துவதும் அந்த வாயில்லாத உயிருக்கு வதை. தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள்.

வெள்ளாடு காகிதத்தைத் தின்றதற்குப் பயப்பட வேண்டாம். காகிதம் மரக்கூழில் ஆனது, அதன் இரைப்பை அதைச் செரித்துக்கொள்ளும். நோட்டின் பிளாஸ்டிக் உறையும் பின்னூசியும் உள்ளே போயிருந்தால்தான் கவலை. இரண்டு மூன்று நாள் ஆடு அசைபோடுகிறதா, இரை எடுக்கிறதா, இடப்பக்க வயிறு உப்புகிறதா என்று பாருங்கள். மாற்றம் தெரிந்தால் மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். காகிதம், துணி, மண் என்று ஓயாமல் தின்றால் தாது உப்புக் குறைவோ குடற்புழுவோ இருக்கலாம். தாது உப்புக் கலவை கொடுத்து, குடற்புழு நீக்க மருந்துக்கு எடை போட்டு அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

மொய் நோட்டுக்கு மருத்துவத்தில் வழி இல்லை என்றாலும், ஒரு வழி சொல்கிறேன். அத்தைக்கு அந்தக் கணக்கில் பெரும்பகுதி மனப்பாடமாகவே இருக்கும். திருப்பூர் போவதற்கு முன், மாலைக் கறவை முடிந்த ஒரு நாளில் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, யார் எந்த விசேஷத்துக்கு எவ்வளவு செய்தார்கள் என்று சொல்லச் சொல்லி, நீங்கள் ஒரு புது நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு நினைவு வராதவற்றைப் பங்காளி வீடுகளில் கேட்டால் தங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்வார்கள். மொய் செய்தவர்கள் அதை மறப்பதில்லை. எழுதி முடித்ததும் நோட்டைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள்.